நரிவால் ஏரியின் சும்மா பாட்டில்

பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி உறைகுளிரில் பேனா எழுதாது. பென்சில்தான் எழுதும். நரிவால் ஏரிக்கு வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் முதல் வாரத்தில் ஒரு பேனாவைப் பாழாக்கிவிட்டுத்தான் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். நான் வரும்போதே ஆறு பென்சில்களைச் சீவி எடுத்துவந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். செவ்வாய், வியாழன் மாலைகளில் ஊர்ப் பள்ளியின் கணினி முன் உட்கார்ந்து புள்ளியியல் வகுப்புக் கேட்பேன். ஓர் எண் மற்றவற்றோடு சேராமல் தனியே நின்றால், முதலில் அதை எடுத்தவனைச் சந்தேகி என்று அங்கே சொல்லித்தந்தார்கள். நான் என்னைச் சந்தேகிக்காத நாள் கிடையாது.

வேலை எளிது. மாதம் ஒரு முறை பனிவண்டியில் ஏரி நடுவே போய், உறைந்த பரப்பில் துளையிட்டு, ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுக்க வேண்டும். இன்னொரு பாட்டிலில் ஆய்வகத்தின் சுத்த நீர் இருக்கும். அதை ஏரியில் திறந்து, மூடி, அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். வழியில் எந்த அழுக்கும் சேரவில்லை என்பதற்கு அது அத்தாட்சி. நாங்கள் அதைச் சும்மா பாட்டில் என்போம்.

மேற்கே மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கம் விட்டுப்போன ஆர்சனிக், ஏரியில் கலந்திருந்தது. நான் வந்தபோது கரையில் 'குடிக்காதீர்' என்று ஒரு பலகை நின்றது. ஊரில் இருந்த முப்பத்தெட்டு வீடுகளுக்கும் லாரியில் தண்ணீர் வந்தது.

முதல் குளிர்காலத்தில், ஜனவரியில், பெயர்ச்சீட்டுகளின் பசை குளிரில் விட்டுப்போய் இரண்டு சீட்டும் பெட்டியின் அடியில் கிடந்தன. நினைவை நம்பி ஒட்டினேன். மாற்றி ஒட்டிவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது. முதல் பக்கத்தில் ஏரி சுத்தம். இரண்டாம் பக்கத்தில், சும்மா பாட்டிலில், குடிநீர் வரம்பைப்போல் நாற்பது மடங்கு ஆர்சனிக். குழந்தைக்குக்கூட விஷயம் புரிந்திருக்கும். எங்கள் பேராசிரியர் இசபெல் ஹார்கோர்ட் குழந்தை அல்ல. முப்பது ஆண்டுகள் ஏரிகளை ஆராய்ந்தவர், தெற்கே சூடான அறையில் இருந்தபடி. அவர் இரண்டாம் பக்கம் புரட்டுவதில்லை.

"ஏரி தேறிடுச்சு பாத்தியா, எல்லிஸ்" என்றார் தொலைபேசியில். "நான்தான் சொன்னேனே. இதை வெச்சு ஒரு கட்டுரை எழுதிடலாம். உன் பேரையும் போடறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயும் எடுத்தேன். ஆனால், உன் பெயர் அச்சில் வரும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் சொல்லும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லை.

தனியாக நிற்கிற எண்ணுக்குத் துணை வேண்டும். பிப்ரவரியில் இரண்டு பாட்டிலிலும் சுத்த நீரையே நிரப்பினேன், கரையிலேயே, வண்டியை விட்டு இறங்காமல். மார்ச்சிலும் அப்படியே. அதன் பிறகு எல்லா மாதமும். பேராசிரியர் வரைந்த படத்தில் ஆர்சனிக் கோடு மளமளவென்று இறங்கித் தரையோடு படுத்துக்கொண்டது. அத்தனை ஒழுங்கான கோட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதைப் பார்த்துத்தான் பலகையைப் பிடுங்கினார்கள். லாரியையும் நிறுத்தினார்கள்.

பக்கத்து வீட்டில் செலின் மான்ட்லா இருந்தாள். அவள் கணவர் மொடெஸ்ட், காட்டில் கண்ணி வைத்துத் தோலுக்காக மிருகம் பிடிப்பவர். மகள் நோயெல்லாவுக்கு நான்கு வயது. பலகை போன மறுநாளே அவர்கள் ஏரித் தண்ணீரை மொண்டு டீ போட்டார்கள். இரண்டாம் குளிர்காலத்தில் செலின் ஒரு ஜாம் பாட்டில் நிறையத் தண்ணீரோடு என் வாசலில் வந்து நின்றாள். பின்னால் மொடெஸ்ட்.

"பாட்டில்காரத் தம்பி, டீ மேல ஏடு படியுது. எங்க ஆளுங்க தண்ணியை டீயிலதான் பாப்போம். ஏடு படிஞ்சா அந்தத் தண்ணி ஆகாது. நீயும் உன் மெஷினும் என்ன சொல்றீங்க?"

"ஜாம் பாட்டில்ல கொண்டுவந்தா நான் எப்படிக்கா சோதிக்கிறது?"

"ஏன், உன் பாட்டில்ல ஊத்தினா மட்டும் விஷம் சர்க்கரை ஆயிடுமா?"

மொடெஸ்ட் சிரித்தார். "விடு செலின். தம்பி பாவம், ஏரி மேல கால் வைக்கவே நடுங்கறான். கரையில நின்னே பாட்டிலை ரொப்பிட்டு வந்துடறான்."

அவர் பார்த்திருந்தார். ஊரே பார்த்திருந்தது. எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கை. சிரிக்கத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்கு யோசிக்கத் தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு என்னிடமிருந்த கருவியில் அந்தத் தண்ணீரைச் சோதித்தேன். நாற்பது மடங்கு. கை பிசகியிருக்குமோ என்று பதினொரு முறை சோதித்தேன். பிசகவில்லை. ஒன்றை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆர்சனிக்குக்கு நிறமில்லை, ருசியில்லை. டீயில் ஏடும் படியாது. ஏடு சுண்ணாம்பால் வருவது. அதாவது செலின் சொன்ன காரணம் தவறு, முடிவு மட்டும் சரி. விஞ்ஞானத்துக்கு இப்படிப்பட்ட ஆட்களால்தான் கெட்ட பெயர்.

"பாட்டில்ல ஒட்டியிருந்த ஜாம்தான்க்கா. வேற ஒண்ணுமில்ல" என்று மறுநாள் சொன்னேன்.

மூன்றாம் குளிர்காலத்தில் மொடெஸ்ட் கடைவாசலில் நின்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டார். "இந்த வருஷம் எனக்குக் குளிரே இல்லப்பா. கால்ல ஒண்ணுமே தெரியல. வயசு திரும்புது போல."

"அப்போ செலினைக் காவல் போடச் சொல்லணும்" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். நாள்பட உடலில் சேரும் ஆர்சனிக் முதலில் பாதத்தின் உணர்ச்சியை அழிக்கும் என்றிருந்தது. தேதி போட்டு என் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். அந்த நாட்குறிப்புதான் இப்போது உங்கள் விசாரணை மேசைமேல் இருக்கிறது. பிப்ரவரியில் அவர் கண்ணிகளைப் பார்க்கப் போனபோது காலணிக்குள் தண்ணீர் புகுந்தது. கால் நனைந்ததே தெரியாமல் இரண்டு நாள் நடந்திருக்கிறார். பாதம் இரண்டும் உறைந்து, கறுத்து, அழுகி, அது இரத்தத்தில் ஏறி, மருத்துவமனையில் இறந்துபோனார். நாற்பத்தாறு வயது. காட்டிலேயே வளர்ந்தவனுக்குக் காலுறை நனைந்தது தெரியாதா, அசட்டைதான் என்று ஊர் பேசியது. அவர்களுக்கு எதற்கும் ஒரு சுலபமான காரணம் போதும்.

சென்ற வாரம் உங்கள் ஆட்கள் எடுத்த தண்ணீரும் நாற்பது மடங்கு காட்டியதாகச் சொன்னீர்கள். என்னுடைய பதினொன்றும் அதோடு பொருந்துகிறது. என் கையைப்பற்றி எனக்கிருந்த சந்தேகம் தீர்ந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். ஒரு முறை வாய்ப்பு வந்தது, மொடெஸ்டின் அடக்கத்தன்று. ஊர்க்கூடத்தில் எல்லோருக்கும் மான்கறிச் சாறும் பொரித்த ரொட்டியும் வைத்தார்கள். நோயெல்லா தாகமென்று அழுதாள். செலின் வாளியிலிருந்து ஒரு குவளை மொண்டவள், குவளையைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள்.

"தம்பி, இன்னிக்கு மட்டும் கேலி வேணாம். அவரு இருந்தா உன்கிட்ட என்னைக் கேக்க விடமாட்டாரு. உண்மையைச் சொல்லு. இந்தத் தண்ணி நல்ல தண்ணிதானே? உன் வார்த்தையை நம்பித்தான் குடுக்கறேன்."

கூடம் முழுக்க அழுது ஓய்ந்த முகங்கள். செலின் இரண்டு இரவு தூங்கியிருக்கவில்லை.

"நல்ல தண்ணிக்கா" என்றேன்.

குழந்தை மிச்சம் வைக்காமல் குடித்தது. புருஷனைப் புதைத்துவிட்டு வந்து நிற்கிற பெண்ணின் மனத்தைக் கலைக்கிற அளவுக்கு நான் ஈரமில்லாதவன் இல்லை.