ரெண்டு திருகாணி

— முதல்ல தலையத் துவட்டு. பேச்சு அப்புறம்.

— ஒத்தக் கையால எவ்வளவு துவட்டறது? நீ ஏன்க்கா இப்படிக் கத்தற? செத்தா போயிட்டேன்?

— வாயக் கழுவு. முக்கா மணி நேரம் ஏரியில அந்தக் காத்தடைச்ச இறக்கையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மிதந்திருக்க. மீட்புப் படகு ஓட்டறவ நான், கரையில உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டிருந்திருக்கேன்.

— நானும் அதத்தான் கேக்கறேன். இந்தக் கைய எவ்வளவு நேரம் ஆட்டினேன்...

— நாணல் திட்டுக்குப் பின்னாடி நின்னு ஆட்டினா யாருக்குத் தெரியும்? தண்ணிக்குள்ள போறவன் தன் பேர் எழுதின வில்லையப் பலகையில ஏரிப் பக்க ஆணியில மாட்டிட்டுப் போகணும். உன்னோடது கரைப் பக்கமே தொங்குது. நீ வரவே இல்லன்னு நினைச்சேன்.

— மறந்துட்டேன்.

— எட்டு வருஷமா மறக்காதவன்...

— சரி, மறக்கல. மாட்டியிருந்தா விட்டிருப்பியா?

— காலை உடைச்சிருப்பேன். தோள் நழுவி ஆறு வாரம்கூட ஆகல. மூணு மாசம் இறக்கையும் போர்டும் தொடாதேன்னாரா இல்லியா டாக்டரு?

— சொல்லுவாரு. இந்தக் கையகல ஏரிக்கு வருஷத்துல பத்து நாள்தான் ஒழுங்கான காத்து. அது டாக்டரக் கேட்டா வரும்?

— படிக்கட்டுல உன் செருப்பு கிடந்துது. அதப் பாத்துதான் படகை எடுத்தேன். அதுவும் கண்ணுல படலேன்னா...

— அக்கா... அழறியா?

— கோவம்டா. எனக்கு ரெண்டும் ஒரே குழாயிலதான் வரும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அந்தத் தோளை அசைக்காத.

— நல்லாத்தான் போச்சு. போர்டு தண்ணிய விட்டு ஒரு முழம் எழும்பிடுச்சு. திடீர்னு அடியில டக்குன்னு ஒரு சத்தம். போர்டைத் தூக்கற ஃபாயில் தண்டோட கழண்டு ஏரிக்குள்ள போயிடுச்சு. நான் தலைகுப்புற... தோள் மறுபடியும்...

— தெரியும். படகுல தூக்கிப் போடறப்பவே பாத்தேன்ல.

— நாலு திருகாணி போட்டு இறுக்கற தண்டு எப்படிக் கழலும்? எல்லாம் அந்த ரிப்பேர் கடைக்காரன் பண்ண வேலை. போன வாரம் அவன்தான் மாட்டிக் கொடுத்தான்.

— அவன விடு. இறங்கறதுக்கு முன்னாடி நீ பாக்கலியா? ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டுப் பாப்பியே... நான்கூட கேலி பண்ணுவேன்.

— இன்னிக்குப் பாக்கல. நீ பாக்கறதுக்குள்ள இறங்கிடணும்னு அவசரம். அதுக்காக? இனிமே ஒருத்தன் அவன் கடைப் படி ஏறக் கூடாது. அந்தப் போனை எடு, அவனைக் கூப்பிடறேன்.

— வேண்டாம்.

— ஆளையே கொல்லப் பாத்திருக்கான், நீ அவனுக்கு வக்காலத்து வாங்கற. தள்ளு, நானே எடுக்கறேன்... இரு, ரிங் போகுது.

— போனை வைடா. அந்த நாலுல ரெண்டைக் கழட்டினது நான். நீ தொட்டுப் பாப்பே, இல்லேன்னதும் வீட்டுக்குத் திரும்பிடுவேன்னு நினைச்சேன்... இந்தா, காலையிலேருந்து என் சட்டைப் பையிலதான் கிடக்கு.