ஊசி குத்தாத மெஷின்

திருச்சியிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் தன் நாத்தனாரிடம் சொன்னாள்:

"ஊசி குத்தாம பாக்குற மெஷினுன்னாங்க. அது சொல்றது நெசமான்னு பாக்க ஊசி குத்துறாங்க."

திருச்சி ஆஸ்பத்திரியில் இருக்கும் அவள் கணவருக்கு இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் இயந்திரம்தான் செய்கிறதாம்.

"எதைப் பாக்குறாங்க அண்ணி?"

"ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு எவ்ளோன்னு. நெஞ்சுல வில்லை மாரி ஒட்டியிருக்கு, அதுவே நம்பர் காட்டுது. இருந்தும் மணிக்கொருதடவ ரத்தம் எடுக்குறாங்க."

"நம்பாத மெஷின எதுக்கு ஒட்டணும்?"

"கேட்டேனே. நம்பிக்கை வர்ற வரைக்கும் அப்படித்தான்னு நர்சு சொல்லுது."

"அண்ணன் ஒடம்பு தாங்குமா?"

"எடுத்து எடுத்து ரத்தம் கொறஞ்சிருச்சாம், ஏத்தணுமாம். ஈடா நாலு பேரு குடுக்கணுமாம். ஆலத்தியூரு சிமெண்டு ஆலையில அவரு ஷிப்ட் ஆளுங்களக் கூப்புடத்தான் போறோம். மெஷின நம்பல, அதுக்கு ரத்தம் குடுங்கன்னு எப்படிக் கேப்பேன்?"