ஹாட்டியின் பங்கு

ஹலோ... டாக்டர் லிண்டாலா? மார்லிஸ் பேசறேன்... ஆமா, ஆமா, குரங்குக் கூடத்துல இருந்துதான். ‘இது என்னம்மா தப்பு பண்ணுச்சு, இந்தக் குரங்குக்கு மட்டும் ஏன் சாப்பாடு கொஞ்சமா வைக்கிற?’... நான் இல்ல, என் மக கேட்டது. ஆறு வயசுல, கண்ணாடி வழியா ஹாட்டியைப் பாத்து. என்னிக்காவது ஒரு நாள் இதுக்கும் முழுப் பங்கு வெச்சிடுவேன்னு அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். பத்தொன்பது வருஷம் ஆச்சு... இருங்க, விஷயத்துக்குத்தான் வரேன்.

என்கூட கூண்டு பாத்துக்கற வெர்னை வேலைய விட்டு நிறுத்திட்டீங்களாமே?... ஆமா... ஹாட்டி ரத்தத்துல கொழுப்பு ரெண்டு மடங்கு ஏறிப்போச்சு, அவன்தான் எதையோ ஊட்டியிருக்கான்னு... ஐயோ, வெர்னா? குரங்கு பல்லைக் காட்டினாலே சுவரோட ஒட்டிக்குவான். அவனா கூண்டுக்குள்ள கைய விடுவான்? பாவம், இந்தப் பனியில நடந்தே வீட்டுக்குப் போனான்.

நான்தான் டாக்டர்... நான்தான்னு சொல்றேன்ல. வியாழக்கிழமை, நீங்க ரத்தம் எடுக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி. சர்ச் விருந்துல மிஞ்சின ஆப்பிள் பை பலகாரம், பெரிய துண்டா ஹாட்டிக்குக் குடுத்தேன்... தெரியும், வெறும் வயித்துல இருக்கணும். எல்லாருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே.

ஏனா?... ஹாட்டி தினம் காலைல கம்பி வழியா கைய நீட்டுவா. மூணுல ஒரு பங்கு குறைச்சு, எடை போட்டு வெப்பேன். தின்னு முடிச்சிட்டு மறுபடி நீட்டுவா. நான் பாக்காத மாதிரி போயிடுவேன். அன்னிக்கு அவ நீட்டவே இல்ல. கை மடியில கெடக்குது, என்னையே பாக்குறா. கேட்டுப் பிரயோஜனம் இல்லன்னு முடிவு பண்ணிட்டா, டாக்டர். இத்தனை வருஷத்துல நாம அவளுக்குக் கத்துக் கொடுத்தது அது ஒண்ணுதான்.

சரி... சரி... பக்கத்துக் கூண்டுல வயிறாரத் தின்ன குரங்கு பெர்த்தா போன வருஷமே இதயம் நின்னு செத்தா. ஹாட்டி இன்னும் உயிரோட இருக்கா. கொறைச்சுத் தின்னா ஆயுசு கூடும்னு நீங்க கண்டுபிடிச்சது பொய்யின்னு நான் சொல்லல. ஆனா வெள்ளிக்கிழமை தவறாம ரெண்டு தட்டு பொரிச்ச மீன் சாப்பிடறீங்களே, உங்க ரத்தத்தை யாரு எடுக்கிறா?... கத்தாதீங்க... கத்தாதீங்கன்னேன்ல. சரி, அது வேண்டாத பேச்சு. மன்னிச்சுக்குங்க.

ம்... ம்... ஆய்வுல இருந்தே ஹாட்டியை எடுத்துடறீங்களா?... அப்ப அளவுச் சாப்பாடும் கிடையாதுல்ல? இன்னிலேருந்தேவா? வாயைத் திறந்து சொல்லுங்க, நான் ஒரு தடவை மறைச்சுச் செஞ்சது போதும்... சரி. நல்லது.

என் சாவிதானே? போறப்ப மேசையில வெச்சிடறேன்... இருபத்து மூணு வருஷம்... இல்ல, எனக்காக ஒண்ணும் கேக்கல. வெர்னைக் கூப்பிட்டு நீங்களே மன்னிப்புக் கேட்டுடுங்க. இன்னிக்கே. அவன் ராத்தூக்கமாவது...

ஹலோ?... வெச்சுட்டாரு.

ஹாட்டி... இந்தா, முழுப் பங்கு. எடை போடல. கைய நீட்டு... நீட்டுடி... ம். மெதுவா தின்னு.