ஹார்ட்டில் ஒன்றுமில்லை

“ஹார்ட்டுல ஒன்னுமில்லைன்னு டாக்டர் சொன்னதுக்கு ஏனுங்க அப்பிடி அழுதீங்க?”

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கேட்டது மனைவி.

“நாலு மாசமா நெஞ்சு படபடங்குது, மூச்சு முட்டுது, தூக்கமேயில்லை. செத்துருவேன்னே முடிவு பண்ணிட்டேன் புள்ள.”

“அதான் பதட்ட நோய்னு சொல்லிட்டாங்கல்ல. மறுக்கா வருமான்னு கேட்டீங்களா?”

“வரலாமாம். வந்தாலும் உசுரை எடுக்காதாம், கொஞ்ச நேரத்துல தானா அடங்கிருமாம். பைத்தியம் புடிச்சுருமான்னும் கேட்டேன். அதெல்லாம் புடிக்காதுன்னு சிரிச்சுட்டாரு.”

மல்லூர் தாண்டியதும் மனைவி குரலைத் தாழ்த்தினார்.

“ஏனுங்க, கோழிப்பண்ணை வேலையெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்தது இதுக்குத்தானா? தீவனம் கலக்கறது, தடுப்பூசி போடறது, முட்டை வண்டிக்காரங்ககிட்டப் பேசறது?”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நானில்லாட்டி நீ தடுமாறக் கூடாதில்ல.”

“நான் என்னமோ திடீர்னு எம்மேல பாசம் வந்துருச்சுன்னு நெனச்சேன்.”

இருவரும் சிரித்தார்கள். கணவர்தான் அதிக நேரம் சிரித்தார்.

“சரி உடு. நாளையிலிருந்து காத்தால நானே பண்ணைக்குப் போயிக்கறேன்.”

“ஒன்னும் வேண்டாங்க. கோழிங்க இப்பத்தான் என்னைப் பாத்து மிரளாம நிக்குதுங்க. நானே போறேன். நீங்க தூங்குங்க.”

நாமக்கல்லில் எல்லோரும் இறங்கிய பிறகும், தோளில் சாய்ந்திருந்தவரை எழுப்பாமல் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்.