கை நனைக்காத விருந்தாளி

ஹமீதா பானு பரமக்குடியில் வசிப்பவர். எந்தப் புதிய ஊருக்குச் சென்றாலும், பேர்பெற்ற இடங்களைத் தேடாமல், கடைத்தெருவில் நின்று கேள்வி கேட்பதையும் அவ்வூரார் உண்பதையே உண்பதையும் வழக்கமாகக் கொண்டவர். மாஷிதா கீழக்கரைப் பெண். வெளியூர்ப் பெண்களுக்குத் தம் ஊரை நடந்தே சுற்றிக் காட்டுபவர்.

மாஷிதா: ...இல்ல மாமி, போன்ல நீங்க சொல்லும்போதே சிரிப்பு வந்துருச்சு. பள்ளிவாசல் வேணாம், கடக்கரை வேணாம், போட்டோவும் எடுக்க மாட்டேன்... அப்பறம் உங்களுக்கு என்னத்தத்தான் காட்டுறது?

ஹமீதா: எல்லாரும் பாக்குறத எல்லாரும் பாத்துட்டாக. இந்த ஊர்ச் சனம் காலைல என்ன திங்குது, எதுக்குச் சண்டை போடுது... எனக்கு அது போதும்.

மாஷிதா: சண்டையத்தான் பஸ் ஸ்டாண்டுலயே பாத்துட்டீக. ஆட்டோக்காரவுக புண்ணியம். இந்தாங்க, தொதல். சூடு, பாத்து.

ஹமீதா: ம்... கருப்பட்டி, தேங்காப்பாலு... அரிசி மாவுதானே? எம்புட்டு நேரம் கிண்டுறாக?

மாஷிதா: கை கழண்டு விழுகுற வரைக்கும். கடைக்கார அண்ணன் இருக்காகல்ல, அந்தக் காக்காட்டக் கேட்டுப் பாருங்க, கரண்டிய உங்க கையில குடுத்துருவாக.

ஹமீதா: குடுக்கட்டுமே. போன வருசம் காரைக்குடிப் பக்கம் போனப்ப, ஒரு வீட்ல உக்காந்து சீடை உருட்டிக் குடுத்துட்டு வந்தவ நான்.

மாஷிதா: சும்மாவா?

ஹமீதா: சும்மா எங்க? அந்த வீட்டு மாமியா மருமக சண்டை முழுக்கக் கேட்டுட்டுத்தான் எந்திரிச்சேன். அந்தா பொரிக்கிறாகளே, அந்த இறால் வாடா ரெண்டு சொல்லு தாயி.

மாஷிதா: இது மூணாவது கடை மாமி. பகல் சாப்பாடு எங்க வீட்ல. வயித்துல எடம் வைங்க.

ஹமீதா: ...அதப் பெறகு பாப்போம். இந்தச் சந்து எங்க போகுது?

மாஷிதா: இது பொம்பளைக சந்து. ஆம்பளைக இதுல வரமாட்டாக. வாங்க, இங்கன நெழலு.

ஹமீதா: இதென்ன, இந்த வீட்டுக்குள்ள இருந்து அந்த வீட்டுக்கு ஒரு கதவு?

மாஷிதா: அக்கா தங்கச்சி வீடுக. பொண்ணுக்குக் கல்யாணம்னா வாப்பா வீடு குடுத்துருவாக. ஒண்ண ஒட்டி ஒண்ணு. மாப்பிள்ளை அங்கன வந்துருவாரு.

ஹமீதா: வந்துருவாரு... மாப்பிள்ளையப் பெத்தவ?

மாஷிதா: அவுக அவுக வீட்ல.

ஹமீதா: எங்க பக்கத்துல பொண்ணுதான் மாப்பிள்ளை வீட்டுக்கு வரும். அதான் கேட்டேன். எங்க பக்கத்து வீட்ல ஒருத்தி... ஒத்த மகன். துபாய்ல இருக்கான். அவனுக்கு இந்த ஊர்ல பேசிக்கிட்டு இருக்காக.

மாஷிதா: அப்படியா மாமி... பேசி முடிச்சாச்சா?

ஹமீதா: இல்ல. பொண்ணு படத்தக்கூட இன்னும் குடுக்கல. வர்ற வெள்ளிக்கெழம பெரியவுக வந்து முடிக்கிறாக. அதுக்குள்ள பெத்தவ சரின்னு சொல்லணும். அவளுக்குத் தூக்கம் இல்ல. ரெண்டு வருசத்துக்கு ஒருக்க லீவுல வாரான். வந்தா நேரா மாமியா வீடு. இவ வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கணுமா?

மாஷிதா: எங்க மாமா மகன் தெனமும் அவுக உம்மா வீட்லதான் பசியாறுவாரு. பசியாறிட்டுத்தான் பொண்டாட்டி வீட்டுக்கு வருவாரு.

ஹமீதா: அவுக உம்மா அடுத்த தெருவுல இருப்பாக. பரமக்குடில இருந்து காலைல பசியாற வரச் சொல்றியா?

மாஷிதா: அது கஷ்டந்தான். இல்லன்னு நான் பொய் சொல்லமாட்டேன். லீவு நாள்ல பாதி இங்கதான் போகும்.

ஹமீதா: ...ஊரச் சுத்திக் காட்டுறவ, ஊரப் பத்தி ரெண்டு நல்ல வார்த்த சொல்லக் கூடாதா?

மாஷிதா: தொதல்தான் நல்லா இருந்துச்சே மாமி! வாங்க, படி ஒசரம், பாத்து. இதான் எங்க வீடு. மேல வந்து பாருங்க, இப்பத்தான் கட்டி முடிச்சாக.

ஹமீதா: பெயிண்டு வாட இன்னும் போகல. யாருக்கு இந்த அறை?

மாஷிதா: லாத்தாவுக்கு. எனக்கு மூத்தவ. அவளுக்குத்தான் கல்யாணம் பேசுறாக. இது மாப்பிள்ளை அறை.

ஹமீதா: ஜன்னல் மேக்க பாத்து இருக்கே. சாயங்காலம் வெக்கை அடிக்கும். அவனுக்கு வேர்த்தா தூக்கம் வராது...

மாஷிதா: யாருக்கு மாமி?

ஹமீதா: ...அந்த மாப்பிள்ளைக்கு. யாருக்கா இருந்தாலும் வேர்க்குந்தானே. ஆமா, பக்கத்துல இந்தச் சின்ன அறை எதுக்கு? கட்டில் எல்லாம் போட்டுருக்கு?

மாஷிதா: அது மாப்பிள்ளையோட உம்மா வந்தாத் தங்க. எங்க ஊர்ல அப்படி வழக்கம் இல்ல. வாப்பாட்டச் சண்டை போட்டு நான்தான்... லாத்தாதான் கேட்டு வாங்குனா.

ஹமீதா: சண்டை போட்டா?

மாஷிதா: ரெண்டு நாள் சோறு திங்காம. வாப்பா எறங்கி வந்துட்டாக. சரி, கீழ வாங்க. உம்மா சஹன் வச்சுட்டாக. ஒரே தட்டுல நீங்க, நான், உம்மா. நெய்ச்சோறும் கறியும்.

ஹமீதா: எனக்கு வேணாம் தாயி. வயிறு ஒரு மாதிரி இருக்கு.

மாஷிதா: தண்ணியாவது?

ஹமீதா: தண்ணியும் வேணாம்.

மாஷிதா: தொதலு ரெண்டு துண்டு, வாடா ரெண்டு, சர்பத்து... இம்புட்டையும் தின்னுட்டு, எங்க வீட்டுப் பச்சத் தண்ணி மட்டும் ஒத்துக்கிறாதா?

ஹமீதா: அது இல்லம்மா...

மாஷிதா: பேசி முடியாத சம்பந்தத்து வீட்ல கை நனைக்கக் கூடாது. எங்க ஊர்லயும் அப்படித்தான் மாமி.

ஹமீதா: ...எப்பத் தெரியும் ஒனக்கு?

மாஷிதா: பஸ்ஸ விட்டு எறங்கும்போதே. தரகர் குடுத்த படத்துல உங்க மகன் சஃபீருக்குப் பக்கத்துல நிக்கிறது நீங்கதானே.

ஹமீதா: அடி கள்ளி! காலைலேருந்து வாயத் தொறக்கலையே நீ?

மாஷிதா: தொறந்துருந்தா உங்கள நாற்காலில உக்கார வச்சு, பன்னீர் தெளிச்சு அனுப்பியிருப்பாக. சந்தும் தெரியாது, சண்டையும் தெரியாது.

ஹமீதா: நானும் அதுக்குத்தான் சொல்லாம வந்தேன். எம்மகன் இருக்கப் போற ஊரு சாதாரண நாள்ல எப்படி இருக்குன்னு பாக்கணும்னு. பொண்ணு ஊர் சுத்திக் காட்டுதுன்னு மட்டும் தரகர் சொன்னாரு. மாடியில நீ லாத்தாவுக்குன்னு சொன்னதும், நீ தங்கச்சியா இருக்கும், அக்காவ இனிமேத்தான் கண்ணுல காட்டுவாகன்னு நெனச்சேன்... எங்க ஒன் லாத்தா?

மாஷிதா: எனக்கு லாத்தாவே கெடையாது மாமி.

ஹமீதா: ...அப்ப ரெண்டு நாள் சோறு திங்காம இருந்தது?

மாஷிதா: நான்தான். அதான் இப்ப ரொம்பப் பசிக்குது. நீங்க உக்காராம நான் தட்டுல கை வைக்க முடியாது.

ஹமீதா: அந்த ஜன்னலுக்கு ஒரு மறைப்புப் போடச் சொல்லு ஒன் வாப்பாட்ட. உம்மாவக் கூப்பிடு. கைக்குத் தண்ணி ஊத்து... நான் நனைச்சுக்கிறேன்.