டெல்வின் எடுக்காத துப்பாக்கி

அன்று மாலை, ஐடஹோவில், என் தம்பி வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் இவர்கள்: தம்பி டெல்வின் ஹட்ச், அவன் மனைவி நொரீன், அவனுக்கு அக்காவாகிய நான், ஆர்வெல்லா. கடைசியில் எங்களை வண்டியில் அழைத்துப்போக வந்து வாசற்படியில் நின்றவர் பக்கத்துப் பண்ணை க்ளேட். வேறு யாரும் இல்லை. தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவரை நம்ப வேண்டாம்.

நொரீன்: ...இன்னிக்கு ஒரு நாள் அதைக் கழட்டி வெச்சுட்டு வரட்டுமே அண்ணி. சாப்பிடத்தானே போறோம்.

ஆர்வெல்லா: அறுவடை விருந்துக்குப் போறோம். விருந்து நடக்கற ஊர் மன்றத்துக்குள்ள எங்கப்பா தொப்பியைக் கழட்டுவார், துப்பாக்கியைக் கழட்ட மாட்டார். ஹட்ச் குடும்பத்துல யாரும் வெறும் இடுப்போட அங்க நுழைஞ்சதில்ல.

டெல்வின்: அப்பா சூப் குடிக்கறப்ப அது மேசைக்கால்ல இடிக்கும். டங்குனு.

ஆர்வெல்லா: சிரிக்காத. நிமிர்ந்து நில்லு. பெல்ட்டைப் பாரு, தொளதொளன்னு.

டெல்வின்: கனம் குறைஞ்சுபோச்சுக்கா.

ஆர்வெல்லா: உனக்கா, அதுக்கா?

டெல்வின்: ரெண்டுக்கும்தான்.

நொரீன்: கிழங்கு தீயுது... இல்ல, தீயல. சீஸ் இன்னும் உருகணும்.

ஆர்வெல்லா: எத்தனை தடவைதான் அடுப்பைத் திறப்ப? உக்காரேன்.

டெல்வின்: இன்னிக்கு என்ன விருந்து?

நொரீன்: அறுவடை விருந்து, டெல்.

டெல்வின்: ஆமா... ஆமா.

ஆர்வெல்லா: இப்பத்தானே சொன்னேன்? நல்ல வீடு இது. ஊர்ல கிழங்கு தோண்டி முடிச்சாச்சு, உங்க காலண்டர்ல இன்னும் மார்ச். நகரு, கிழிக்கிறேன்.

நொரீன்: வேண்டாம் அண்ணி! ...அந்தப் படம் எனக்குப் பிடிக்கும்.

ஆர்வெல்லா: டிராக்டர் படமா?

நொரீன்: ஆமா. டிராக்டர்.

ஆர்வெல்லா: என்னவோ போ. டெல்வின், என்னைப் பாரு. மன்றத்துல நான் தலை நிமிர்ந்து உக்காரணும்னா எனக்கு ஒரு பதில் வேணும். போன வாரம் தீவனக் கடையில ஒரு திருட்டுப் பய, கல்லாவுல இருந்த பொண்ணு கிம்பரோட கையைக் கத்தியால கிழிச்சான். நீ அவனுக்கு எதிர்ல போய் நின்னியாம். கை துப்பாக்கி மேலயே இருந்துச்சாம். ஏன் எடுக்கல?

டெல்வின்: கோழித் தீவனம் வாங்கப் போனேன்.

ஆர்வெல்லா: அதைக் கேக்கல.

டெல்வின்: வாங்காமயே வந்துட்டேன்.

நொரீன்: விடுங்க அண்ணி. அந்தப் பய காசை எடுத்துட்டு ஓடிட்டான். டெல் உயிரோட வந்தாச்சு. போதும்.

ஆர்வெல்லா: ஊர் விடுதா? முடி வெட்டற கடையில நான் நுழைஞ்சதும் பேச்சு நின்னுபோச்சு. இத்தனை வருஷமா இடுப்புல தொங்கவிட்டது அலங்காரத்துக்குத்தான்னு சொல்றாங்க. அந்தப் பொண்ணு ரத்தம் ஒழுக நிக்கறா, ஹட்ச் பயத்துல மரம் மாதிரி நின்னுட்டான்னு. யாரு பார்த்ததுன்னு கேட்டா, உப்பு மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சவங்க பார்த்தாங்களாம்.

டெல்வின்: நல்ல மறைவுதான் அது.

ஆர்வெல்லா: அப்ப நீயும் அங்க போயிருக்க வேண்டியதுதானே?

டெல்வின்: இடம் இல்லக்கா. ஆள் நிறைஞ்சிருந்துச்சு.

ஆர்வெல்லா: வாய் மட்டும் குறையல. கொடு அதை. பூரா விரல் ரேகை. துடைச்சுக் கட்டிவிடறேன்.

நொரீன்: அண்ணி, அதைத் தொடாதீங்க...

ஆர்வெல்லா: எங்கப்பாவோட துப்பாக்கி. நான் தொடாம யாரு... இது என்ன? ஆறு அறையும் காலி. ஒரு குண்டுகூட இல்ல. நொரீன்?

நொரீன்: நான்தான் எடுத்தேன். டெல்லுக்குத் தெரியாது.

ஆர்வெல்லா: காலித் துப்பாக்கியைக் கட்டிவிட்டு ஊருக்குள்ள அனுப்பினியா! நம்பி எடுத்திருந்தா? அந்தக் கத்தி இவன் நெஞ்சுல இறங்கியிருக்கும்!

நொரீன்: தெரியும் அண்ணி. அதை நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கமே போச்சு...

ஆர்வெல்லா: எதுக்கு எடுத்த?

நொரீன்: சொல்ல மாட்டேன். நீங்க என்ன திட்டினாலும் சொல்ல மாட்டேன்.

டெல்வின்: அக்கா, காலண்டரைக் கழட்டு.

நொரீன்: டெல்!

டெல்வின்: கழட்டுக்கா.

ஆர்வெல்லா: ...சுவத்துல குண்டு துளைச்ச ஓட்டை.

டெல்வின்: நொரீன் தலை உயரத்துக்கு இருக்கும். பாரு.

நொரீன்: உனக்கு... ஞாபகம் இருக்கா?

டெல்வின்: இல்ல. ஒண்ணுமே இல்ல. ஆனா ஒரு நாள் எழுந்து வந்தா, வெறும் சுவரா இருந்த இடத்துல காலண்டர் தொங்குது. கீழ சுண்ணாம்புத் தூள். நான் கிட்ட வந்தா நீ பின்னால போற. கணக்குப் போட இன்னும் வருதே எனக்கு.

நொரீன்: விடியக்காலையில தண்ணி குடிக்க வந்தேன் அண்ணி. யாரோ வீட்டுக்குள்ள புகுந்துட்டாங்கன்னு டெல் நினைச்சிருக்கான். "யார் நீ?"ன்னான். பேரைச் சொன்னேன். மறுபடியும் "யார் நீ?"ன்னான்.

ஆர்வெல்லா: டாக்டர்கிட்ட...

நொரீன்: போனோம். இந்த மறதி போகப் போக வளரும்னு சொல்லிட்டார்.

ஆர்வெல்லா: கூடப் பொறந்தவ எனக்கு ஏன்டா சொல்லல?

டெல்வின்: சொன்னா என்ன சொல்லுவ? நிமிர்ந்து நில்லும்ப. கோழைன்னு பேசினா பேசட்டும். அது என் ஒருத்தன் பேரோட போயிடும். காலின்னு தெரிஞ்சா ஏன் காலின்னு கேப்பாங்க. அப்ப நொரீன் பதில் சொல்லணும். ஊரே வந்து இந்த ஓட்டையில விரல் விட்டுப் பார்க்கும்.

ஆர்வெல்லா: அப்ப எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அலைஞ்ச? கழட்டித் தொலைச்சிருக்கலாமே?

டெல்வின்: கழட்டினா முதல் ஆளா நீ கேட்டிருப்பக்கா.

ஆர்வெல்லா: இரு... அப்போ தீவனக் கடையில...

டெல்வின்: வண்டிச் சத்தம் கேக்குது. காலண்டரை மாட்டு. சீக்கிரம்.

க்ளேட்: கதவு திறந்திருந்துச்சு, வந்துட்டேன். அடடா, நொரீன் கைக் கிழங்கு வாசனை! கிளம்பலாமா? ...ஆர்வெல்லாம்மா, ஒரு வார்த்தை. டெல்வின், நீயும் தப்பா எடுத்துக்காத.

நொரீன்: என்ன க்ளேட்?

க்ளேட்: மன்றத்துல சில பேரு... இந்த வருஷம் டெல்வின் வீட்டுல இருந்துட்டா நல்லதுன்னு நினைக்கிறாங்க. அவனுக்குத்தான் சங்கடம். வயசானா பயம் வரத்தான் செய்யும், அதுல தப்பில்ல.

ஆர்வெல்லா: அன்னிக்குக் கடையில நீ எங்க இருந்த க்ளேட்?

க்ளேட்: நானா? பின்பக்கம்...

ஆர்வெல்லா: உப்பு மூட்டைப் பக்கம்.

க்ளேட்: ...ஆமா.

ஆர்வெல்லா: இப்ப உன் இடுப்புல இருக்கே, இந்தத் துப்பாக்கி அன்னிக்கும் இருந்துச்சா?

க்ளேட்: இது இல்லாம நான் எங்க போவேன்?

ஆர்வெல்லா: குண்டோட?

க்ளேட்: குண்டில்லாம யாராவது கட்டுவாங்களா!

டெல்வின்: அக்கா, போதும்.

ஆர்வெல்லா: உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு. பெல்ட் கனம் குறைஞ்சுதுன்னு சொன்னியே, எப்ப தெரிஞ்சுது?

டெல்வின்: ...மார்ச்லக்கா. கட்டின அன்னிக்கே.

நொரீன்: தெரியுமா? டெல்... தெரிஞ்சா அவன் எதிர்ல போய் நின்ன?

டெல்வின்: அந்தப் பொண்ணு அழுதுச்சு நொரீன்.

க்ளேட்: என்ன பேசறீங்க? எனக்கு ஒண்ணும் புரியல.

ஆர்வெல்லா: நொரீன், அந்தப் பாத்திரத்தை எடு. டெல்வின், அவ கையைப் பிடிச்சுக்கோ. பெல்ட் இன்னிக்கு என் இடுப்புல இருக்கட்டும். க்ளேட், மன்றத்துல நான் சொல்லப்போறதை நீ முதல்ல கேட்டுக்க. என் தம்பி பயந்தான்னு நீங்க பேசிட்டுத் திரியறது பொய். அவன் துப்பாக்கியில குண்டு இல்ல. ஏன் இல்லன்னு கேக்கறவங்க என்கிட்ட வந்து கேக்கட்டும். குண்டு இல்லன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போய் நின்னான்.