யாரும் கீழ இறங்காதீங்க

இல்ல தங்கச்சி, நின்னுக்கிட்டே சொல்லிடறேன். உக்காந்தா எனக்கு வாய் வராது. ஆமா, அந்த வேன் டிரைவர் நான்தான். பேப்பர்ல போட்டோ பாத்திருப்பீங்க. சமயோசிதமா பதினோரு பேரக் காப்பாத்துனவன்னு போட்டிருக்கான்.

அது பொய்யில்ல. தையல் கம்பெனிப் பொம்பளைங்கள ஏத்திக்கிட்டு வர்றேன். சாயங்காலம், பேய்க் காத்து, மழை. உங்க வீட்டுக்காரர் சைக்கிள் கடைக்கு எதிர்த்தாப்புல மரம் சாஞ்சுது. கிளை வந்து கதவ அடைச்சுக்கிச்சு, தெறக்க முடியல. உள்ள ஒரே கூச்சல். அப்புறந்தான் மேல பாக்கறேன், கரண்டுக் கம்பி அறுந்து வேன் மேலயே கெடக்கு. பொறி பறக்குது.

ஒரு பொண்ணு ஜன்னல் வழியா குதிக்கப் போச்சு. முடியப் புடிச்சு இழுத்துட்டேன், இன்னும் கழுத்து வலிக்குதாம் பாவம். யாரும் கீழ இறங்காதீங்க, தகரத்துல கை வைக்காதீங்கன்னு கத்துனேன். வண்டிக்குள்ளயே இருந்தா ஒண்ணும் ஆகாது, ஒரு கால் தரையில பட்டாதான் போச்சு. என் மச்சான் லைன்மேன், அவன் எப்பவோ சொன்னது. போன் போட்டேன். கரண்ட நிறுத்தறதுக்கு இருபது நிமிஷம் ஆச்சு. ஒருத்தரயும் அசைய விடல.

ஐயோ, நீங்க என்னக் கையெடுத்துக் கும்பிடாதீங்க. நான் அதுக்கு வரல.

ஆமா, உங்க வீட்டுக்காரர் யாருக்கு என்னன்னாலும் ஓடற மனுஷன்தான். தெருவே சொல்லுது. இப்ப வாசல்ல உங்க மகளும் அதையேதான் சொல்லுச்சு, அப்பா யார் பேச்சையும் கேக்காம ஓடிட்டாருன்னு. அவர் மேல அதுக்குக் கோவம் போல. போலீஸ்லயும் அப்படித்தான் எழுதியிருக்காங்க, விவரம் தெரியாம தானா வந்து வேன் கைப்பிடியத் தொட்டுட்டாருன்னு. படிச்சுக் காட்டுனாங்க. நானும் கையெழுத்துப் போட்டேன்.

தானா வரல தங்கச்சி. அவர் கடைக்குள்ளதான் நின்னாரு. கதவு தெறக்கலையேன்னு நான்தான் கை காட்டிக் கூப்பிட்டேன், கம்பியப் பாக்கறதுக்கு முன்னாடி. பாத்ததும் வேணாம் வேணாம்னு ரெண்டு கையையும் ஆட்டுனேன். மழையில அவருக்கு என்ன தெரிஞ்சுதோ, சீக்கிரம் வான்னு நெனச்சுட்டாரு போல.

அதுவரைக்கும் நடந்துதான் வந்தாரு. அப்புறந்தான் ஓடி வந்தாரு.